உரிமைக் கடிதம் வந்தால் மூன்று வழி உண்டு



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பங்குச் சந்தைப் பக்கமே போகாதவர்களும் படிக்கலாம், கணக்கு எல்லாம் எட்டாம் வகுப்பு அளவுக்குத்தான் வரும். அப்பா காலத்துப் பங்குகள் யார் வீட்டில் இருக்கின்றனவோ, அவர்கள் கட்டாயம் கடைசி வரை படியுங்கள்.

மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் நடத்தியவன் என்பதால் ஓய்வு பெற்ற பிறகும் ஒரு கேள்வி என்னைத் தேடி வருகிறது. “சார், எங்க கம்பெனியிலேர்ந்து லெட்டர் வந்திருக்கு. பங்கு வச்சிருக்கறதால கடனீட்டுப் பத்திரம் வாங்கிக்க உரிமை இருக்காம். வாங்கலாமா, விட்டுடலாமா?” கேட்பவர்கள் எல்லோரும் இரண்டு வழிதான் இருப்பதாக நினைத்துக் கேட்கிறார்கள். உண்மையில் வழி மூன்று. அந்த மூன்றாவது வழி தெரியாததால் பணத்தைத் தரையில் போட்டுவிட்டுப் போன குடும்பங்களும் உண்டு, முதல் வழியில் அவசரப்பட்டு நுழைந்து மாட்டிக்கொண்ட குடும்பங்களும் உண்டு. இது எப்படி வந்தது என்று வரலாற்றோடு சேர்த்துச் சொன்னால்தான் மனதில் நிற்கும்.

முதலில் பங்குக்கும் கடனீட்டுப் பத்திரத்துக்கும் உள்ள வேறுபாடு. வகுப்பில் இதைச் சொல்ல எனக்குப் பிடித்த உதாரணம் டாடா இரும்பு எஃகு நிறுவனம். 1907-இல் அந்த நிறுவனத்துக்கு மூலதனம் தேவைப்பட்டது. லண்டனில் முயன்றார்கள், காரியம் ஆகவில்லை. சுதேசி உணர்வு கொழுந்துவிட்டு எரிந்த நேரம், பம்பாயிலேயே கேட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்தார்கள். மூன்றே வாரத்தில் ஏறத்தாழ 8,000 இந்தியர்கள் பங்கு வாங்கி முழு மூலதனத்தையும் கொடுத்துவிட்டார்கள். பிறகு நடைமுறைச் செலவுக்குப் பணம் வேண்டியிருந்தபோது கடனீட்டுப் பத்திரம் வெளியிட்டார்கள். 4 லட்சம் பவுண்டு மதிப்புள்ள அந்த வெளியீடு முழுவதையும் குவாலியர் மகாராஜா சிந்தியா ஒருவரே வாங்கினார்.

அந்த 8,000 பேரும் கூட்டாளிகள். ஆலை ஓடினால் லாபத்தில் பங்கு, ஓடாவிட்டால் நஷ்டத்திலும் பங்கு. மகாராஜாவோ கடன் கொடுத்தவர். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் அவருக்குப் பேசின வட்டி கொடுத்தாக வேண்டும், தவணை வந்தால் அசலும் திரும்ப வேண்டும். அதற்கு மேல் ஒரு பைசா கேட்க அவருக்கு உரிமை கிடையாது. முதல் உலகப் போர் முடிந்தபின் எஃகு விலை சரிந்து, 1924-இல் அந்த நிறுவனம் மூடும் நிலைக்கே வந்தது. தோராப்ஜி டாடா தம் சொந்தச் சொத்தையும் மனைவியின் நகைகளையும் இம்பீரியல் வங்கியில் ஈடு வைத்து ஒரு கோடி ரூபாய் கடன் ஏற்பாடு செய்துதான் காப்பாற்றினார். இப்படிப்பட்ட காலத்தில் பங்குதாரர் ஈவுத்தொகை இல்லாமல் பொறுத்துக்கொள்ள வேண்டும். கடன்காரரை அப்படிப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல முடியாது. வேறுபாடு இவ்வளவுதான்.

அப்படியானால் பங்குதாரருக்குக் கடனீட்டுப் பத்திரத்தில் என்ன முன்னுரிமை?

இதற்கு 1807-க்குப் போக வேண்டும். அமெரிக்காவில் போர்ட்லண்ட் என்ற ஊரில் ஒரு வங்கி. அந்த ஊர் அப்போது மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்தது. வங்கி தன் மூலதனத்தைப் பெருக்கப் புதிய பங்குகள் வெளியிட்டது. கிரே என்ற பழைய பங்குதாரர், தம் பங்குக்கு ஏற்ற அளவு புதியதிலும் தமக்கு வேண்டும் என்று கேட்டார். வங்கி மறுத்தது, அவர் நீதிமன்றம் போனார். நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பத்துப் பேர் சேர்ந்து வாங்கிய நிலத்தில் பதினோராவது ஆளைச் சேர்ப்பதானால் பழைய பத்துப் பேரையும் கேட்க வேண்டும் அல்லவா? அந்த நியாயம்தான். கிரேவுக்குக் கிடைத்த நஷ்டஈட்டையும் கவனியுங்கள். புதிய பங்குக்கு வங்கி கேட்ட விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். அதாவது, வாங்கும் உரிமை என்பதே காசு பெறும் ஒரு பொருள் என்று அன்றைக்கே ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது.

நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 81-ஆம் பிரிவு இதே நியாயத்தைச் சட்டமாக்கியது. புதிய பங்கு வெளியிட்டால் பழைய பங்குதாரருக்கு அவரவர் வைத்திருக்கும் விகிதத்தில் முதலில் கொடுக்க வேண்டும், முடிவு செய்யக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும், தனக்கு வேண்டாம் என்றால் அந்த உரிமையை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்கவும் வழி இருக்க வேண்டும். இன்று அமலில் உள்ள 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 62-ஆம் பிரிவு.

சட்டம் பங்கைப் பற்றித்தான் பேசுகிறது. வெறும் கடன் வாங்குவதற்கு நிறுவனம் பங்குதாரரைத் தேடி வரவேண்டிய கட்டாயம் இல்லை, யாரிடம் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கடன் நாளைக்குப் பங்காக மாறும் என்றாலோ, கூடவே பங்கு வாங்கும் சீட்டு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தாலோ, பதினோராவது ஆள் பின்வாசல் வழியாக நுழைவதாக ஆகிவிடும். அதனால்தான் மாற்றத்தக்க கடனீட்டுப் பத்திரங்களைப் பழைய பங்குதாரர்களுக்கு உரிமையாகக் கொடுக்கும் வழக்கம் வளர்ந்தது.

ஆக, உரிமைக் கடிதத்தில் வருவது பெரும்பாலும் ஒரு பொருள் அல்ல, இரண்டு பொருள். ஒன்று கடன், இன்னொன்று பங்கின் மேல் ஒரு ஆசை. இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி ஒரே விலை சொல்வார்கள். நாம் பொட்டலத்தைப் பிரித்துத் தனித்தனியாக எடை போட வேண்டும். நான் சொல்ல வந்த விஷயம் இது ஒன்றுதான், மற்றதெல்லாம் இதற்குச் சான்று.

முதல் சான்று அமெரிக்காவிலிருந்து. 1970-இல் ஏ.டி. அண்ட் டி. என்ற தொலைபேசி நிறுவனத்துக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள் இருந்தார்கள். விதவைகளும் ஓய்வு பெற்றவர்களும் நம்பி வைத்திருந்த பங்கு என்று அதற்குப் பெயர். தொலைபேசித் தேவை பெருகிக்கொண்டே போனது, நியூயார்க்கில் இணைப்புகள் சரிவர இயங்காமல் மக்கள் திண்டாடினார்கள். விரிவாக்கத்துக்குப் பெரும் பணம் வேண்டும். நிறுவனம் தன் பங்குதாரர்களுக்குக் கடிதம் எழுதியது: 35 பங்குக்கு ஒரு 100 டாலர் கடனீட்டுப் பத்திரம், 8.75 சதவீத வட்டி, 2000-ஆம் ஆண்டில் முதிர்வு. அதோடு இரண்டு வாரண்டுகள். ஒவ்வொரு வாரண்டும் 1975 மே 15 வரை 52 டாலர் கட்டி ஒரு பங்கு வாங்கிக்கொள்ளும் சீட்டு. மொத்த வெளியீடு 157 கோடி டாலர்.

கடிதம் கையில் கிடைத்த ஓய்வூதியக்காரர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். கடன் கேட்பது நாட்டின் மிக வலுவான நிறுவனம். வட்டி 8.75, அந்தக் காலத்து அமெரிக்காவில் அது உயர்ந்த வட்டி. வாரண்ட் போனஸ் மாதிரி. பங்கு 52-ஐத் தாண்டி எழுபது, எண்பது போனால் லாபம்தானே?

ஐந்து ஆண்டில் நடந்தது வேறு. 1973-74-இல் எண்ணெய் விலை ஏறியது, பணவீக்கம் ஏறியது, பங்குச் சந்தை படுத்துவிட்டது. 1975 மே மாதம் கெடு வந்தபோது பங்கை வாங்க 52 டாலர் கட்டுவதில் லாபம் இல்லை. பெரும்பாலான வாரண்டுகள் பயன்படுத்தப்படாமலே செல்லாக்காசாயின. ஆசை என்று சொன்னேனே, அதன் கதை இப்படி முடிந்தது.

கடன் என்ன ஆனது? வட்டி ஒழுங்காக வந்தது, ஒரு தவணையும் தப்பவில்லை. ஆனால் 1980-81-இல் அமெரிக்காவில் வட்டி விகிதம் இரட்டை இலக்கத்துக்குப் போய்விட்டதால், இடையில் பத்திரத்தை விற்கப் போனவர்களுக்கு 100 டாலர் கிடைக்கவில்லை, வெகுவாகக் குறைத்துத்தான் கேட்டார்கள். முதிர்வு வரை வைத்திருப்பேன் என்று இருந்தவருக்குப் பிரச்சினை இல்லை. மகள் கல்யாணத்துக்கு நடுவில் விற்க வேண்டியிருந்தவருக்கு நஷ்டம். நல்ல கடனாளி என்பது மட்டும் போதாது, நமக்குப் பணம் எப்போது வேண்டும் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

அந்தக் கடிதம் போன அதே 1970-இல், ஜூன் மாதம், பென் சென்ட்ரல் என்ற மாபெரும் ரயில்வே நிறுவனம் திவாலானது. ஊரே நம்பியிருந்த பெயர்தான் அதுவும். பெரிய பெயர் என்பதற்காகவே கடன் கொடுத்தவர்கள் கதி என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு பாடம்.

இனி நம் ஊர்க் கதை.

1947-ஆம் ஆண்டு மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று ஒன்று இருந்தது. அதன்படி எந்த நிறுவனம் பங்கோ கடனீட்டுப் பத்திரமோ வெளியிட்டாலும், எவ்வளவு, என்ன விலைக்கு என்பதை தில்லியில் நிதி அமைச்சகத்தைச் சேர்ந்த ஒரு கட்டுப்பாட்டு அதிகாரிதான் தீர்மானிப்பார். வட்டிக்கும் உச்சவரம்பு. எண்பதுகளின் பிற்பகுதியில் மாற்றத்தக்க பத்திரத்துக்கு 12.5 சதவீதம், மாறாத பத்திரத்துக்கு 14 சதவீதம். அந்த அதிகாரி நிர்ணயித்த பங்கு விலை பெரும்பாலும் சந்தை விலையைவிட வெகு குறைவாக இருக்கும். அதனால் பழைய பங்குதாரருக்கு உரிமைக் கடிதம் வந்தாலே லாபம் என்ற எண்ணம் மக்கள் மனதில் ஊறிவிட்டது.

1979 முதல் ரிலையன்ஸ் நிறுவனம் பகுதி மாற்றத்தக்க பத்திரங்களை வரிசையாக வெளியிட்டு இதைப் பட்டிதொட்டி எங்கும் பிரபலமாக்கியது. பத்திரத்தில் ஒரு பகுதி பங்காக மாறும், மீதி கடனாகவே நிற்கும். 1983-இல் அரசின் அனுமதியோடு அந்த மீதிப் பகுதியையும் பங்காக மாற்றிக் கொடுத்தார்கள். பங்கு விலை ஏறிக்கொண்டிருந்த காலம், வாங்கியவர்களுக்குக் கொண்டாட்டம். ‘கடனீட்டுப் பத்திரம்’ என்றாலே கடன் என்ற பொருள் மறந்துபோய், ‘மலிவு விலைப் பங்கு’ என்ற பொருள் வந்துவிட்டது.

பம்பாய்ச் சந்தையில் அப்போது ஒரு சொல் புழங்கியது: ‘கோக்கா’. காலிப் பெட்டி என்று பொருள். பங்காக மாறிய பகுதியை எடுத்துக்கொண்டபின் மிஞ்சி நிற்கும் கடன் பகுதிக்குத்தான் அந்தப் பெயர். சிறு முதலீட்டாளர்களுக்குப் பங்கு மட்டுமே வேண்டும், மிச்சத்தை முகமதிப்புக்குக் குறைவாக யாராவது வாங்கிக்கொண்டால் போதும் என்று தள்ளிவிட்டார்கள். பல வெளியீடுகளில், அந்தக் காலிப் பெட்டியை என்ன விலைக்கு வாங்கிக்கொள்வார்கள் என்பதையும் சேர்த்தே விளம்பரம் செய்வார்கள். தாங்கள் கொடுத்த கடனைத் தாங்களே காலிப் பெட்டி என்று அழைத்த மனநிலையைப் பாருங்கள். கடன் பகுதியை எடை போடாமல் ஆசைப் பகுதிக்காக மட்டும் வாங்கினால் இப்படித்தான் ஆகும்.

அந்தக் காலத்தில் எங்கள் ஆசிரியர் ஓய்வறைக்கும் இந்தக் கடிதங்கள் வரும். கூட்டு விண்ணப்பப் படிவம் என்று நீளமான தாள். அதில் ஏ, பி, சி, டி என்று நான்கு பகுதி. வாங்குவதானால் ஏ. உரிமையை வேறொருவருக்கு விட்டுக்கொடுப்பதானால் பி. அப்படி விட்டுக்கொடுத்ததைப் பெற்றவர் நிரப்புவது சி. கொஞ்சம் வைத்துக்கொண்டு கொஞ்சம் விட்டுக்கொடுக்கவோ, பலருக்குப் பிரித்துக்கொடுக்கவோ வேண்டுமானால் டி-யை நிரப்பித் தனித்தனிப் படிவம் கேட்க வேண்டும். பல ஆசிரியர்கள் ஏ-யை மட்டும் பார்ப்பார்கள். கையில் பணம் இருந்தால் நிரப்புவார்கள், இல்லாவிட்டால் தாளை மடித்துப் பீரோவில் வைத்துவிடுவார்கள். கெடு முடிந்தால் அந்தத் தாள் பொட்டலம் மடிக்கத்தான் ஆகும்.

எங்கள் தமிழய்யாவிடம் ஒரு நிறுவனத்தின் பங்குகள் கொஞ்சம் இருந்தன, மாமனார் கொடுத்தது. உரிமைக் கடிதம் வந்தபோது மகளின் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. “பணம் இல்லை சார், விட்டுட வேண்டியதுதான்” என்றார். பி-யைக் காட்டினேன். “இதுக்குக் காசு குடுப்பாங்களா?” என்று நம்பாமல் கேட்டார். கும்பகோணத்தில் இருந்த தரகரிடம் போய் உரிமையை விற்றார். பெரிய தொகை இல்லை, ஆனால் கல்யாணப் பத்திரிகை அச்சடித்த செலவு அதில் கழிந்தது. “துறவுக்குக்கூட விலை உண்டுங்கறது இன்னைக்குத்தான் தெரியுது” என்று சொல்லிச் சிரித்தார். உரிமை துறத்தல் என்பதுதான் பி படிவத்துக்குப் பாடப்புத்தகத் தமிழ்.

இன்னொரு சக ஆசிரியர், இயற்பியல் எடுத்தவர். அவரிடம் இருந்தது ஒரு நூற்பாலையின் பங்கு. பெயர் வேண்டாம். அந்த ஆலையும் பகுதி மாற்றத்தக்க பத்திரத்துக்கு உரிமைக் கடிதம் அனுப்பியது. மாறும் பகுதி சிறியது, மாறாத கடன் பகுதி பெரியது, வட்டி 14 சதவீதம். வங்கியைவிட வட்டி அதிகம், மேலே பங்கும் வருகிறது என்று வருங்கால வைப்பு நிதியில் கடன் எடுத்து முழுவதும் வாங்கினார். பங்கு வந்தது. சில ஆண்டு வட்டியும் வந்தது. அப்புறம் ஆலை நலிந்து, நலிவுற்ற தொழிற்சாலைகளுக்காக 1987-இல் அமைக்கப்பட்ட பி.ஐ.எஃப்.ஆர். வாரியத்துக்குப் போனது. வட்டி நின்றது. அசலில் ஒரு பகுதி கைக்கு வருவதற்குள் அவர் ஓய்வே பெற்றுவிட்டார். ஈடு காட்டிய கடன்தான், ஆனால் ஈடாக இருந்த இயந்திரங்கள் மேல் வங்கிகளுக்கும் பாத்தியதை இருந்தது. சிறு கடன்காரர்கள் சார்பில் நின்று கேட்க வேண்டிய அறங்காவலர் அமைப்புக்கு அந்த நாளில் இன்றுள்ள அளவு கட்டுப்பாடுகளும் கிடையாது. கடனீட்டுப் பத்திர அறங்காவலர்களுக்கென செபி தனி விதிமுறை கொண்டுவந்ததே 1993-இல்தான்.

14 சதவீதம் என்பது வட்டியின் அளவு. திரும்பி வருமா என்பதற்கு அதில் பதில் இல்லை.

அடுத்து 1992. இது நான் வகுப்பில் ஒரு முழுப் பாடவேளை நடத்திய கணக்கு.

அந்த ஆண்டு மே மாதம் மூலதனக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டது, செபி சட்டப்படியான அமைப்பாகிவிட்டது. விலையை இனி நிறுவனமே வைக்கலாம். ஏப்ரலில் சென்செக்ஸ் 4,400-ஐத் தாண்டி நின்றது, அதே மாதம் ஹர்ஷத் மேத்தா விவகாரம் வெடித்தது. அந்த ஆண்டில்தான் டாடா எஃகு நிறுவனம், 1907-இல் தொடங்கிய அதே நிறுவனம், தன் பங்குதாரர்களுக்கு உரிமை அடிப்படையில் ஒரு புதுமாதிரிப் பத்திரம் கொடுத்தது. ‘செக்யூர்டு பிரீமியம் நோட்’ என்று பெயர். வாரண்ட் இணைத்தது.

பத்திரத்தின் முகமதிப்பு 300 ரூபாய். முதல் மூன்று ஆண்டு வட்டியே கிடையாது. நான்காம் ஆண்டு முடிவிலிருந்து ஏழாம் ஆண்டு வரை, ஒவ்வோர் ஆண்டும் அசலில் 75 ரூபாயும் அதற்கு மேல் இன்னொரு 75 ரூபாயும் தருவார்கள். ஆக ஆண்டுக்கு 150, நான்கு ஆண்டில் 600. கூடவே, ஓராண்டுக்கும் ஒன்றரை ஆண்டுக்கும் இடையில் முன்கூட்டிச் சொன்ன விலைக்கு ஒரு பங்கு வாங்கிக்கொள்ளும் வாரண்ட்.

மாணவர்களைக் கேட்டேன்: “300 கொடுத்தா 600 வருது. நல்லதா?” எல்லோரும் “நல்லது சார்” என்றார்கள். “எத்தனை வருஷத்துல?” என்றேன். நான்கு, ஐந்து, ஆறு, ஏழு ஆகிய ஆண்டுகளில் சமமாக வருகிறது. சராசரி ஐந்தரை ஆண்டு. அதாவது ஐந்தரை ஆண்டில் பணம் இரட்டிப்பு.

இந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இல்லையா? 1988-இல் அஞ்சலகத்தில் கிசான் விகாஸ் பத்திரம் வந்தபோது அறிவித்ததும் இதுதான், ஐந்தரை ஆண்டில் இரட்டிப்பு. அதற்கு முன் 1986-இல் வந்த இந்திரா விகாஸ் பத்திரம் தொடக்கத்தில் ஐந்தே ஆண்டில் இரட்டிப்பானது. கூட்டு வட்டிக் கணக்குப் போட்டால் முதலாவது ஏறத்தாழ 13.4 சதவீதம், இரண்டாவது 14.9 சதவீதம். டாடா பத்திரம் இவற்றுக்கு இடையில், 13.6 சதவீதம் அளவில் வரும்.

ஆகவே கடன் பகுதியை மட்டும் பார்த்தால் அஞ்சலகத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அஞ்சலகத்தில் அரசாங்க உத்தரவாதம், இங்கே நிறுவனத்தின் உத்தரவாதம். கூடுதலாகக் கிடைப்பது வாரண்ட் ஒன்றுதான். அப்படியானால் கேள்வி மாறிவிடுகிறது. ‘இந்தப் பத்திரம் வாங்கலாமா?’ என்பது போய், ‘அரசாங்க உத்தரவாதத்தைக் கைவிடுகிறேன், அதற்குக் கூலியாக இந்த வாரண்ட் போதுமா?’ என்று ஆகிறது. இந்தக் கேள்விக்கு ஓர் ஓய்வூதியக்காரர் சொல்லும் பதில் வேறு, முப்பது வயது இளைஞர் சொல்லும் பதில் வேறு. இரண்டுமே சரியாக இருக்கலாம். ஆனால் கேள்வியே தெரியாமல் பதில் சொல்லக் கூடாது.

சந்தை அதற்குப் பிறகு எப்படிப் போனது என்பது வயதானவர்களுக்கு நினைவிருக்கும். அடுத்த ஓராண்டில் சென்செக்ஸ் பாதியாகக் குறைந்தது. உச்சத்தைப் பார்த்து வாரண்டுக்கு மதிப்புப் போட்டவர்கள் மனக்கணக்கெல்லாம் மாற வேண்டியதாயிற்று. கடன் பகுதியை நம்பி வாங்கியவர்களின் கணக்கு மாறவில்லை.

1970-இல் அமெரிக்க ஓய்வூதியக்காரருக்கும் 1992-இல் நம் ஊர் ஆசிரியருக்கும் வந்தது ஒரே மாதிரிக் கடிதம்தான். இரண்டிலும் ஆசைப் பகுதி காலத்தின் கையில் இருந்தது, கடன் பகுதி கடனாளியின் கையில் இருந்தது.

இன்று காகிதப் படிவம் இல்லை. 2020-இலிருந்து உரிமை வெளியீடுகளில் வாங்கும் உரிமையே தனிப் பொருளாக நம் டிமேட் கணக்கில் வந்து விழுகிறது, சந்தையில் சில நாள் விற்கவும் முடிகிறது. அந்த ஆண்டு ரிலையன்ஸ் 15 பங்குக்கு ஒரு பங்கு என்று 1,257 ரூபாய் விலையில் 53,000 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியபோது இப்படித்தான் உரிமைகள் மே மாதத்தில் சந்தையில் கைமாறின. அது பங்கு வெளியீடு, ஆனால் முறை இதுதான். பழைய பி படிவத்தின் வேலையை இப்போது கைபேசியில் ஒரு பொத்தான் செய்கிறது. கெடுவுக்குள் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை என்றால் உரிமை காலாவதி. இதில் மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் மாற்றம் இல்லை.

எனவே கடிதம் வந்தால் நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளைச் சொல்கிறேன்.

ஒன்று. மாற்றமும் வாரண்டும் இல்லாமல் வெறும் கடனாக இதை யாராவது கேட்டால், இந்த வட்டிக்கு, இத்தனை ஆண்டுக்கு, இந்த நிறுவனத்துக்கு நான் கொடுப்பேனா? அஞ்சலகத்திலும் வங்கியிலும் அன்றைய தேதியில் என்ன கிடைக்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறுவனத்தின் தரக் குறியீடு என்ன, ஈடு என்ன, அந்த ஈட்டின் மேல் வேறு யாருக்கு முதல் பாத்தியதை என்பதையும் கடிதத்திலேயே தேடிப் படியுங்கள். சின்ன எழுத்தில் இருக்கும்.

இரண்டு. ஆசைப் பகுதிக்குத் தனியாக என்ன விலை கொடுக்கிறேன்? அஞ்சலகத்தைவிட வட்டி ஒன்றரை சதவீதம் குறைவு என்றால், அந்த ஒன்றரை சதவீதம்தான் நீங்கள் வாரண்டுக்குக் கொடுக்கும் விலை. வாரண்டைப் பயன்படுத்த மறுபடியும் பணம் கட்ட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். அந்தப் பணம் அன்றைக்கு உங்களிடம் இருக்குமா?

மூன்று. ஏற்கெனவே இந்த நிறுவனத்தில் நான் கூட்டாளி. இப்போது கடனும் கொடுத்தால், அது விழுந்தால் இரண்டு கையும் சேர்ந்து சுடும். என் சேமிப்பில் எத்தனை பங்கு ஒரே இடத்தில் இருக்கிறது? இயற்பியல் ஆசிரியருக்கு வந்த கஷ்டத்தின் வேர் இதுதான்.

நான்கு. முதிர்வுக்கு முன் இந்தப் பணம் எனக்குத் தேவைப்படுமா? படும் என்றால், நடுவில் விற்க முடியுமா, என்ன விலைக்கு?

இந்த நான்குக்கும் திருப்தியான பதில் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் உரிமைக்குச் சந்தையில் விலை இருக்கிறதா என்று பார்த்து விற்றுவிடுங்கள். ஏனென்றால், உரிமைக்கு மதிப்பு இருக்குமானால், உரிமை பிரிந்த நாளிலேயே உங்கள் பழைய பங்கின் விலை கிட்டத்தட்ட அந்த அளவுக்கு இறங்கியிருக்கும். உங்கள் சட்டைப்பையிலிருந்து எடுத்து உங்கள் கையிலேயே கொடுத்திருக்கிறார்கள். அதைக் காலாவதியாக விடுவது தாராளம் அல்ல, கவனக்குறைவு. எல்லா உரிமைக்கும் விலை இருக்காது என்பதும் உண்மை. வெறும் கடன், அதுவும் சந்தை வட்டிக்கே என்றால், உரிமையை விட்டாலும் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் அதை நீங்கள் பார்த்து முடிவு செய்ய வேண்டும், பீரோ முடிவு செய்யக் கூடாது.

வயதான பெற்றோர் பெயரில் பங்குகள் இருக்கும் வீடுகளில் பிள்ளைகள் ஒரு காரியம் செய்யுங்கள். அந்தப் பங்குகளோடு இணைந்த கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் நடப்பில் உள்ளதா என்று இந்த வாரமே பாருங்கள். கடிதம் இப்போது பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறது. அப்பாவின் பழைய எண்ணுக்குப் போகும் குறுஞ்செய்திக்கும் கெடு உண்டு.